விட்டுப்போன கோட்டையெல்லாம் சேர்த்து வச்சேன்

போன அமாவாசை அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. விழுப்புரத்துல எஞ்சினியர் ஆபீஸுக்குப் போயி அக்கா கட்டப்போற வீட்டோட பிளானை வாங்கணும். ரெண்டு ஜெராக்ஸ் எடுக்கணும். திண்டிவனத்துல சைட்டுக்குப் போயி மேஸ்திரி கையில குடுக்கணும்.

அவ்ளோதான். இதுல என்ன தப்பு பண்ண முடியும்னு கேப்பீங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியல!

அக்கா காலையிலேயே போன் பண்ணிடுச்சு. "டேய், நிறைஞ்ச அமாவாசை. இன்னிக்கே கடைக்கால் தோண்டணும், ஜேசிபி சொல்லிட்டேன். மாமா வெளிநாட்ல இருக்காரு, நீதான் கூட நிக்கணும். சொதப்பிடாத."

"நான் இருக்கேன்க்கா"ன்னேன். எங்க வீட்ல எல்லாப் பிரச்சினையும் இந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்கும்.

எஞ்சினியர் மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பிட்டாரு. ஆபீஸ்ல இருந்த பொண்ணு பிளானைக் குடுத்துச்சு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில ஜெராக்ஸ் எடுத்தேன். காப்பியைப் பாத்தா ஷாக்! சில கோடு முழுசா இருக்கு. சில கோடு துண்டு துண்டா, விட்டு விட்டு விழுந்திருக்கு.

"என்னம்மா, மிஷின்ல இங்க் தீந்துடுச்சா? பாதி கோடு விழவே இல்லையே!"

கடைக்காரம்மா ஒரிஜினலை எடுத்துக் காட்டினாங்க. "சார், இதுலயே அப்படித்தான இருக்கு."

"அப்போ எஞ்சினியருக்கு பிரிண்ட் போட்ட மிஷின்லயும் இங்க் இல்ல!"

"எதுக்கும் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க சார்."

கேட்டிருக்கலாம். ஆனா மனுஷன் சாமி கும்பிடப் போயிருக்காரு. இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணா நல்லாவா இருக்கும்? நம்மளே சரி பண்ணிட்டு, திண்டிவனத்துல புதுசா ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணேன். ஒரு ஸ்கேல், ஒரு கறுப்பு ஜெல் பேனா வாங்கிக்கினு பஸ் ஏறினேன்.

ஓடுற பஸ்ல கோடு போடுறது லேசான வேலை இல்ல. மூணாவது கோட்டுலயே ஸ்கேல் வழுக்கி பேனா என் பேன்ட்ல போயி நின்னுச்சு. நல்லவேளை, விக்கிரவாண்டி டோல்கேட்ல செம கூட்டம். பஸ் நின்னுடுச்சு. டோல்கேட்ல வண்டி நின்னதுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் வேகவச்ச மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரிச்சிக்கினே பாத்தாரு. "சார் எஞ்சினியருங்களா?"

"அந்த மாதிரிதான்"னேன். வாய் கூசல.

ஒரு கோடு விடாம சேர்த்தேன். ஹாலுக்குக் குறுக்க ஒண்ணு. வீட்டுக்கு வெளிய, வடமேற்குல, வாயு மூலையில, ஒரு சதுரம். சதுரத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஏதோ எழுதியிருந்துச்சு. கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். கோடு தெரிஞ்சுது, எழுத்து தெரியல. முடிச்சிட்டுப் பாத்தா பிளான் பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கே பெருமையா போச்சு.

சைட்ல மேஸ்திரி புது ஜெராக்ஸை விரிச்சிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. தலையைச் சொறிஞ்சாரு.

"இன்னா சார் இது? ஹாலுக்கு நடுவுல சுவரு வருது. வாசக்கால் எங்க?"

"பிளான்ல என்ன இருக்கோ அதைப் போடுங்க மேஸ்திரி."

"அந்தப் பக்கம் எப்டி சார் போறது?"

"சுத்திக்கினு போவணும் போல."

அவரு எஞ்சினியருக்கு போன் போட்டாரு. கிடைக்கல. அமாவாசைக் கூட்டத்துல அங்க எவனுக்கு டவர் கிடைக்கும்? ஜேசிபி டிரைவர் வேற மேல உக்காந்துக்கினு, "ஜல்தி சொல்லுங்க சார், அடுத்த சைட்டுக்குப் போவணும்"னு கத்துறாரு. மேஸ்திரி பெருமூச்சு விட்டுட்டு, சுண்ணாம்புப் பவுடரால தரையில கோடு போட ஆரம்பிச்சாரு.

அக்கா சுத்தி வந்து பாத்துக்கினே இருந்துச்சு. வாயு மூலைக்கு வந்ததும் நின்னுடுச்சு.

"டேய், இந்தச் சின்ன ரூமு எதுக்குடா?"

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அக்கா இந்த வீட்ல தனக்குன்னு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். தனியா ஒரு பூஜை ரூம். வாடகை வீட்ல இருபது வருஷமா கிச்சன் அலமாரியில, மொளகாத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துலதான் சாமி. எஞ்சினியர் இடம் பத்தலன்னு சொல்லி, ஹால்ல ஒரு ஷெல்ஃப் மட்டும் போட்டிருந்தாரு. அன்னிக்கு அக்கா மூஞ்சி தொங்கிப்போச்சு.

அதனால நான் யோசிக்கவே இல்ல. "பூஜை ரூமா இருக்கும்க்கா!"

"நெசமாவா? அந்த எஞ்சினியர் தம்பி மனசு மாறிட்டாரா?" அக்கா கண்ணுல தண்ணி. "ஆனா வீட்டுக்கு வெளிய வச்சிருக்காரே?"

"இப்பல்லாம் அப்படித்தான்க்கா. தனிச் சன்னதி மாதிரி."

அவ்ளோதான்! மஞ்சத்தண்ணி தெளிச்சுச்சு. குங்குமம் வச்சுச்சு. தேங்காய் உடைச்சுச்சு. சூடம் ஏத்தி, "மொதல் கொத்து இங்கதான்"னு சொல்லிடுச்சு. மேஸ்திரி தலைத்துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கினு கும்பிட்டாரு. நானும் கன்னத்துல போட்டுக்கினேன். ஜேசிபி உறுமிக்கினு கிட்ட வந்துச்சு.

அப்போ எஞ்சினியர் போன் பண்ணாரு. மேஸ்திரி ஸ்பீக்கர்ல போட்டு விவரம் சொன்னாரு.

"ஹால் நடுவுல சுவரா? பிளானை போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினோம். போன்ல கோயில் உடுக்கைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"மேஸ்திரி... யாரு இந்தக் கோட்டையெல்லாம் சேர்த்தது?"

எல்லாரும் என் பேன்ட்ல இருந்த கறுப்புக் கோட்டைப் பாத்தாங்க.

"இங்க் விழலைன்னு..."ன்னு இழுத்தேன்.

"சார்! முழுக்கோடு போட்டா சுவரு. விட்டு விட்டுப் போட்டா, அது கண்ணுக்கு நேரா தெரியாதது. ஒண்ணு தலைக்கு மேல இருக்கும், இல்ல தரைக்குக் கீழ இருக்கும். ஹால்ல இருக்கிறது மேல போற பீம் சார்!"

"அப்போ வாயு மூலையில?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"அது செப்டிக் டேங்க்க்கா."

சூடம் இன்னும் எரிஞ்சிக்கினு இருந்துச்சு.

மேஸ்திரி துண்டை எடுத்துத் திரும்பத் தலையில கட்டினாரு. ஜேசிபி டிரைவர் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, ஸ்டியரிங்ல கவுந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு.

அக்கா திட்டியிருந்தாக்கூட தேவலாம். திட்டல. செங்கல் அடுக்கு மேல போயி உக்காந்து, "சரி விடு, ஷெல்ஃபே போதும்"னு சொல்லுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு நாப்பது நிமிஷம் அக்காவுக்கு பூஜை ரூம் இருந்துச்சு, அதையும் நானே பிடுங்கிட்டேன்.

அப்புறம் என்ன தோணுச்சோ, எழுந்து வந்து போனை வாங்குச்சு. "தம்பி, சூடம் ஏத்தினது ஏத்தினதுதான். அந்த எடத்துல அதைத் தோண்டினா நான் இந்த வீட்டுக்குக் குடி வரமாட்டேன். டேங்க்கை வேற எங்கியாவது போடு. இங்க எனக்கு ஆறுக்கு ஆறு ஒரு ரூம் வேணும்."

"அக்கா, பைப் லைன் எல்லாம் மாத்தணுமே..."

"மாத்து."

எஞ்சினியர் மேல்மலையனூர்லருந்து நேரா சைட்டுக்கே வந்துட்டாரு. நெத்தி நிறைய குங்குமம். பைக் டேங்க் மேல பேப்பரை வச்சு பிளானை மாத்தினாரு. பொழுது சாயறதுக்குள்ள மொதல் கொத்து விழுந்துச்சு, அக்கா சொன்ன அதே எடத்துல.

புது பிளான்ல, நான் வந்தா தங்குறதுக்குன்னு அக்கா ஒதுக்கியிருக்கிற ரூமோட ஜன்னலுக்கு நேர் கீழ, விட்டு விட்டு ஒரு சதுரம் போட்டிருக்கு. அது என்னன்னு நான் யாரையும் கேக்கல.