கெளுத்தி முதுகில் ஒரு பொட்டலம்

அன்னிக்கு ஒரு முடிவு எடுத்தேன். இந்த ராமதாஸ் யாருன்னு என் பொண்டாட்டி குணசுந்தரிக்குக் காட்டிடறதுன்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த முடிவ அப்பப்ப எடுத்துகினுதான் கீறேன். காட்டறதுக்குத்தான் நேரம் அமையல.

விஷயம் இதான். நான் காசிமேட்டுல லாஞ்சு டிரைவரு. கெளம்புனா வாரக்கணக்குல கடல்லயே தங்கலு. இப்போ தடைக்காலம். மீனு முட்டை போடற சீசன்னு லாஞ்சை எல்லாம் கரைல கட்டிப் போட்டுட்டாங்க. மீனுக்குப் பிரசவம், எனுக்கு வூட்டுச் சிறை. குணசுந்தரிக்கு மட்டும் லீவே கெடையாது. தடையில்லாத சின்ன ஃபைபர் போட்டுல வர்ற மீன ஏலம் எடுத்து மார்க்கெட்ல குந்தி வித்துகினுகீறா.

ஒரு நாள் காலைல டீய கைல குடுத்துட்டு சொன்னா.

“யோவ், நாளையிலேர்ந்து மார்க்கெட்டுக்கு வா. நான் விக்கிறேன். நீ பக்கத்துல குந்தி மீன் வெட்டிக் குடு.”

டீ மூக்குல ஏறிடுச்சு.

“நானா? மீன் வெட்டவா? நான் மீன் புடிக்கிறவன்டி!”

“புடிச்சவன் வெட்டுனா மீனு கோச்சுக்குமா?”

“அத்தினி பொம்பளைங்க நடுவுல அருவாமணை போட்டு குந்தச் சொல்றியா? என் தோஸ்துங்க பாத்தா இன்னா ஆவறது?”

“அவனுங்களயும் கூப்புடு. ஆளுக்கு ஒரு மணை போட்டுடலாம்.”

இதுக்கு மேல ஒரு ஆம்பள பொறுத்துகினு இருப்பானா? அப்போ பாத்து பக்கத்து வூட்டு தாமோதரன் வாசல்ல அவன் மூட்டைய கழுவிகினு இருந்தான். கண்டெய்னர் யார்டுல கிளார்க்கு. லீவு வுட்டா போதும், ஆளு ஒசரத்துக்கு ஒரு பைய முதுகுல மாட்டிகினு காட்டுல போய் ராத்தங்கிட்டு வருவான். வூட்டுல ஃபேனு, கட்டிலு எல்லாம் வச்சிகினு கல்லு மேல படுக்கறவன இன்னான்னு சொல்றது? ஆனா அன்னிக்கு அவன் எனுக்குத் தெய்வமாத் தெரிஞ்சான்.

“பாருடி அவன! ஒத்தையா காட்டுல தங்கறான். நீ ஆக்கிப் போட்டாதான் நான் உயிரோட இருப்பேன்னு நெனச்சிகினியா? நானும் போறேன். ஒரு ராவு. உன் கை பட்ட சோறு ஒரு பருக்க வேணாம்.”

“கடல்ல மட்டும் நீயா ஆக்கித் துன்ற? அங்க ஆக்கிப்போட ஒருத்தன் கீறான்.”

“வச்சுக்கலாம் பந்தயம்!”

“வச்சுக்கலாம். நீ ஜெயிச்சா, தடைக்காலம் முடியற மட்டும் கால் மேல கால் போட்டுகினு குந்து, நான் வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா மணையில குந்தணும். ஆனா ஒத்தையா வுட மாட்டேன். நீ காட்டுக்குள்ள போவாம டீக்கடை பெஞ்சுல படுத்துட்டு வந்துடுவ. கெளுத்திய இட்டுகினு போ.”

கெளுத்தி எங்க வூட்டு நாயி. மீசை கெளுத்தி மீனு மாதிரியே நீட்டிகினு இருக்கும், அதான் அந்தப் பேரு. சோறு போடறவ அவ. அதனால அது அவ ஆளு. என்னைப் பாத்தா வாலுல பாதிதான் ஆட்டும்.

மறுநாளு தாமோதரனோட பைய மாட்டிகினு கெளம்புனேன். தங்கலுக்குப் போற சாமான் எல்லாம் எடுத்துகினேன். அரிசி, புளி, மொளகாத்தூளு, சோறு வடிக்க தேக்சா, தூண்டிலு. குணசுந்தரி ஒண்ணு ஒண்ணா பாத்தா.

“எல்லாம் கீது. மீனு?”

“தங்கலுக்குப் போறவன் எவனாச்சும் மீன் வாங்கிகினு போவானா? அங்க ஓடை கீதாம். புடிச்சு கொதிக்கிற கொழம்புல போட வேண்டிதுதான்.”

அவ உள்ள போயி ஒரு பொட்டலத்தோட வந்தா. நாலு தெருவுக்கு வாசன தூக்குச்சு. புளிசோறு, நெத்திலிக் கருவாட்டு வறுவலு. அத்தக் கெளுத்தி முதுகுல ஒரு துணிப்பையில வச்சு கட்டுனா.

“பசி தாங்கலன்னா பிரிச்சு துன்னு. ஆனா பிரிச்சா தோத்த. அப்டியே திருப்பிக் கொண்டாந்தா ஜெயிச்ச.”

பொட்டலத்து மேல பூ கட்டற நூலு. மல்லிப்பூ கட்டற மாதிரியே வெரல்ல சுத்தி இழுத்து ஒரு முடிச்சு. எனுக்கு சிரிப்பு தாங்கல.

“இத்தெல்லாம் ஒரு முடிச்சா? தும்முனா அவுந்துக்கும். நான் போடற முடிச்சு புயலே வந்தாலும் அவுறாது, தெரிமா?”

“தெரியும் மாமா.”

குணசுந்தரி என்னை ‘யோவ்’னு கூப்புட்டா வூட்டுல எல்லாம் நல்லா கீதுன்னு அர்த்தம். ‘மாமா’ன்னா எனுக்கு ஆப்பு ரெடி. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

தாமோதரன் அவன் வேன்ல இட்டுகினு போனான். ஆந்திரா பார்டர் தாண்டி மலையோரமா அவன் தோஸ்து ஒருத்தனோட பட்டா காடு. வழி பூரா தொணதொணன்னு புத்திமதி.

“அண்ணே, இந்த வெயில்ல ஓடைல…”

“தம்பி, தண்ணியப் பத்தி எனுக்கே சொல்றியா? நீ வண்டிய பாத்து ஓட்டு.”

எறக்கி வுட்டு, காலைல வர்றேன்னு போயிட்டான். ஏற ஏற வெயிலு மண்டையப் பொளந்துச்சு. ஓடையில ரொப்பிக்கலாம்னு கேன்ல இருந்த தண்ணிய நானும் கெளுத்தியும் குடிச்சுகினே போனோம். கடல்னா ஒரே பார்வைல எல்லாம் தெரியும். இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம். ஒரே மாதிரி மரம். இத்தப் பாக்கவா இவனுங்க லீவு போட்டுட்டு வர்றானுங்க?

ஓடை இருந்துது. தண்ணிதான் இல்ல. மணலு, கல்லு, காஞ்சு போன ஒரு நண்டு ஓடு. நான் தூண்டில கைல வச்சிகினு நின்னேன். கெளுத்தி என்னைப் பாத்துச்சு. மார்க்கெட்ல அழுவுன மீன விக்கிறவனப் பாக்கற பார்வ.

மிச்சம் இருந்த தண்ணி ரெண்டு பேரும் நாக்க நனைக்கத்தான் காணும். அரிசிய எதுல வடிக்கிறது? மொளகாத்தூள நக்கி புளிய சப்புனேன். பசி ஜாஸ்தியாச்சு.

பொழுது சாஞ்சுது. தாமோதரன் குடுத்த டென்ட்ட நட்டேன். கொசுவலைக்குப் பேண்ட்டு தச்சா மாதிரி ஒரு சமாச்சாரம். நான் உள்ள பூந்ததும் என் மேலயே வுழுந்து படுத்துகிச்சு. இருட்டுல எதுவோ கொறட்டை வுட்டுது. நான் பயப்படல. கெளுத்திக்கு பயமா இருக்குமேன்னு அத்தக் கட்டிப் புடிச்சுகினேன், அவ்ளோதான்.

கட்டிப் புடிச்சதுதான் தப்பு. மூக்கு நேரா பொட்டலத்து மேல. நெத்திலி! மொறுமொறுன்னு வறுத்த நெத்திலி!

கைய வச்சேன். “உர்ர்ர்.”

“டேய், யாரு பாக்கப் போறா? உனுக்கும் குடுக்கறேன்டா.”

“உர்ர்ர்.”

“பாதி.”

உர்ரு நின்னுது. இந்தக் கஸ்மாலம் அவ ஆளாம்!

துன்னோம். வாழ எலையில கூட மிச்சம் வைக்காம வழிச்சோம். அப்பாலதான் என் மூள வேல செஞ்சுது. வெயிட்டு கொறஞ்சா கண்டுபுடிச்சுடுவா. அதே எலையில பச்ச அரிசிய கொட்டுனேன். கைல தூக்கிப் பாத்தேன். கரெக்டா அதே கனம். மடிச்சு, அதே நூல சுத்தி, இறுக்கிக் கட்டி கெளுத்தி முதுகுல வச்சேன். ராமதாஸு, நீ எங்கியோ இருக்க வேண்டியவன்டான்னு எனக்கு நானே சொல்லிகினு தூங்குனேன்.

காலைல ராசா மாதிரி வூட்டுக்கு வந்து எறங்குனேன். குணசுந்தரி வாசல்ல நின்னா.

“எட்த்துப் பாரு. தொடவே இல்ல. வேணும்னா தூக்கிப் பாரு. அதே கனம்!”

அவ தூக்கிப் பாக்கல. மோந்து பாக்கல. பொட்டலத்தத் திருப்பி முடிச்ச மட்டும் பாத்தா.

“இந்த முடிச்சு யாரு போட்டது மாமா?”

மாமா!

“நீ போட்டதுதான்.”

“நானா? எனுக்கு வலை முடிச்சு எப்ப வந்துது?”

குனிஞ்சு பாத்தேன். வாழ்நாளு பூரா வலை பின்னுன கை. இருட்டுல அதுபாட்டுக்கு அது வேலையப் பாத்துட்டுகீது. அச்சு அசலு, லாஞ்சு வலையில கிழிசல் தைக்கிற அதே முடிச்சு. அவ வெரலால அவுக்கப் பாத்தா. அவுறல. என் முடிச்சாச்சே. உள்ள போயி அருவாமணைய எட்த்தாந்து ஒரே வெட்டு. பச்ச அரிசி தெருவெல்லாம் கொட்டுச்சு. அவ சிரிச்ச சிரிப்பு டோல்கேட் வரைக்கும் கேட்டுருக்கும். கெளுத்தி அவ காலாண்ட போயி குந்திகினு முழு வாலயும் ஆட்டுச்சு. த்தூ, நன்றி கெட்ட நாயி!

இப்போ நான் மார்க்கெட்ல கீறேன். முன்னாடி அருவாமணை, சுத்தி பொம்பளைங்க, எதிர்ல பல்லக் காட்டிகினு என் தோஸ்துங்க. மொத நாளு, வெட்டி முடிச்சுட்டு எழுந்திரிக்கப் பாத்தேன். குணசுந்தரி ஒரு நூல்கண்ட என் மடியில தூக்கிப் போட்டா.

“குந்து மாமா. பொட்டலம் கட்டறதும் நீதான். புயலே வந்தாலும் அவுறாதாமே?”