மயில்கழுத்து பாயின் இரண்டு கோடுகள்

ஒரே ஒரு கோட்டுக்கு நிறம் போட, கல்யாணப் புடவை எடுக்கிற நேரத்தை எடுத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் மயில்கழுத்து பாய். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் எங்கள் ஆபீஸ். விவசாயிகளின் மரவள்ளிக் கிழங்கை மில்லுக்கு விற்றுக்கொடுக்கும் சின்னக் கம்பெனி. கிழங்கு விலை ஏறினதையும் இறங்கினதையும் கம்ப்யூட்டரில் கோடாக வரைவது பாயின் வேலை. அதற்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு ரெடிமேட் புரோகிராம் உண்டு, லைப்ரரி என்பார்கள். விலைகளைக் கொடுத்தால் கோட்டையும் வரைந்து, நிறத்தையும் அதுவே பூசிவிடும். பாய்க்கு அது மானப் பிரச்சினை.

"அது குடுக்கற கலரைக் கட்டிக்கினு போறதுக்கு, கோடு இன்னா ரேஷன் வேட்டியா?" என்பார்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நிறத்தின் பெயரைத் தன் கையால் எழுதுவார். பெயர் போதாவிட்டால் அதற்கான குறியீடு. மாமனார் போன் நம்பரை மறந்தாலும் மறப்பார், மயில்கழுத்து நீலத்தின் குறியீட்டை மறக்கமாட்டார். அந்த நீலமும் எலுமிச்சை மஞ்சளும்தான் அவருக்கு ராசியான ஜோடி. போட்ட பிறகும் ஆள் விடமாட்டார். டீ கொண்டுவருபவர், கூரியர்காரர், வழி தப்பி மாடியேறியவர், எல்லாரையும் நிறுத்தி, "இது கண்ணுக்கு எப்டி கீது, சொல்லுங்க" என்பார்.

கணக்கு பார்க்கும் அமுதா சும்மா இருக்காது. "ஆள் பாதி ஆடை பாதின்னுவாங்க. நம்ம பாய்க்குக் கெழங்கு பாதி, கலரு பாதி."

"ஜவுளிக்கடைக் குடும்பம்மா. அப்டித்தான் இருக்கும்."

"அப்ப கடைலயே குந்திக்கினு இருக்கலாமே பாய், இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

அப்போது மட்டும் பாய் கீபோர்டில் இல்லாத தூசியை ஊதுவார்.

ஒருநாள் கல்வராயன் மலையில் கூட்டம். கிழங்கை எங்கள் மூலமாக விற்பதா வேண்டாமா என்று ஊர்க்காரர்கள் அன்றைக்கு முடிவு செய்யவேண்டும். அவர்களுக்குக் காட்ட, மலையில் கிடைக்கும் விலைக்கு ஒரு கோடு, கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டு விலைக்கு ஒரு கோடு. பஸ் ஏறும்போது மேனேஜர் சாதாரணமாகச் சொன்னார்: "மலைக்குப் பச்சை, கீழ்நாட்டுக்குச் சிவப்புன்னு மாத்திட்டேன் பாய். பளிச்சுன்னு இருக்கு." பாய் முகம் செத்துப்போனது. ராசி ஜோடி போய்விட்ட கோபம் என்று நினைத்தோம்.

சமுதாயக் கூடத்துத் திரையில் இரண்டு கோடுகளும் சடை பின்னினதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, கடைசியில் ஒன்று மேலே, ஒன்று கீழே பிரிந்தன. பாய் கையில் குச்சி.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். "இதுல எங்க மலை வெலை எதுங்க?"

பாய் உச்சிக்குப் போன கோட்டில் குச்சியை வைத்தார். "இதாங்க. ஏறிக்கினே கீது பாருங்க."

"எங்க வெலை ஏறிச்சா? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லியே" என்றது ஒரு குரல்.

இன்னொருவர் எழுந்துவிட்டார். "செவப்பு கீழ்நாடுன்னு அடியிலயே எழுதிக்கீது. எங்களுது பச்சை, பள்ளத்துல கெடக்குது. படிக்கத் தெரியாத ஜனம்னு மாத்திக் காட்றியா நீ?"

பாய் குச்சியை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனார், இந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். கூட்டம் சிரித்தது. அமுதாவும் நானும்கூடச் சிரித்தோம்.

"ஏமாத்தலீங்க" என்றார் பாய், தரையைப் பார்த்தபடி. "எனக்கு ரெண்டும் ஒரே கலராத்தான் தெரியுது. செவப்பு, பச்சை வித்தியாசம் பொறப்புலயே தெரியாது."

எங்கள் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

முன்வரிசைப் பெரியவர்தான் பேசினார். "எனக்கும்தான் தெரியல தம்பி. கண்ணுல புரை. எல்லாரும் தலையாட்டனாங்க, நானும் ஆட்டிக்கினு குந்திக்கினேன்." அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

பாய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். மலையின் பெயரைத் தேடி, அந்தக் கோட்டைத் தடிமனாக்கினார். மற்றதைத் துணியில் ஓடும் தையல்போல விட்டுவிட்டு ஓடவிட்டார். "தடியா கீதே, அதாங்க ஒங்களுது."

"இம்மாம் கீழயா கெடக்கறோம்" என்றார் பெரியவர். "தெரியாமயே இருந்திருக்கலாம்."

அந்தப் பள்ளத்தைப் பார்த்த பிறகு, இனிமேல் கிழங்கு எங்கள் மூலம்தான் என்று முடிவானது. பாய் காதில் அது விழவில்லை. திரும்பும் பஸ்ஸில் முகத்தை ஜன்னலிலிருந்து எடுக்கவே இல்லை.

"எங்க கடைல பொண்ணு வூட்டுக்காரங்க முகூர்த்தப் புடவைக்குச் செவப்பு கேட்டாங்க" என்றார் வெளியே பார்த்தபடி. "பச்சையை மடிச்சிக் குடுத்துட்டேன். கடை நெறைய ஜனம் சிரிச்சிது. கல்லாவுல இருந்த அத்தா என் மூஞ்சியைப் பாக்காம, 'வூட்டுக்குப் போடா'ன்னாரு. இங்கன்னா கலரைப் பாக்க வேணாம், பேரை எழுதினா போதும். அதான் வந்தேன்."

இங்கேயும் அதே சிரிப்பைத்தான் வாங்கியிருக்கிறார்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. கீழே கூடையில் கொய்யா விற்றார்கள். பாய் இறங்கினார், நானும் இறங்கினேன். கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றவர், தணிந்த குரலில் கேட்டார்: "பாப்பாவுக்குங்க. இதுல பழுத்தது எதுன்னு சொல்றீங்களா?"

கண்டக்டர் விசில்மேல் விசில் ஊதினார். ஊதட்டும் என்று, ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினேன். கல்யாணப் புடவைகூட அவ்வளவு நேரம் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள்.