பீங்கான் அண்ணையும் ஒரு வேதாகமக் கோப்பையும்

மொன்றியலில் விருந்துக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்காமல் சோற்றுக் கோப்பையின் அடிப்பக்கத்தைப் பார்த்த ஒரே தமிழர் எங்கள் பீங்கான் அண்ணைதான். அடியில் எந்தத் தொழிற்சாலையின் முத்திரை என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு கலியாண வீட்டில், நிறைந்த கோப்பையைத் திருப்பி, மாப்பிள்ளையின் தகப்பனுடைய பட்டு வேட்டியைத் தேங்காய்ப்பால் சொதியால் குளிப்பாட்டினார். போதாததற்கு, "சும்மா மலிவுச் சாமான்" என்று அவரிடமே குறையும் சொன்னார்.

அண்ணைக்குத் துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற வேலை. உழைத்ததெல்லாம் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பழைய சாமான் விற்கிறவர்களுக்கே போனது. ஐரோப்பாவில் செய்த பழங்காலப் பீங்கான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் கதை படமாகக் கீறியிருக்கும். அவற்றைப் பார்க்கப் போனால் மோதிரத்தைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நிலத்தில் குந்த வேண்டும். அப்போதுதான் கை தவறினாலும் உயரத்திலிருந்து விழாதாம். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுசன், பைபிளை ஊரில் நடந்த புதினம் மாதிரிச் சொல்லுவார்.

"இவர் யோனா. எங்களைப்போல. கப்பலேறி ஓடினவர், இடையில திமிங்கிலத்திட்டப் பிடிபட்டவர்."

"திமிங்கிலத்துக்கு ஏனண்ணை காது?" என்று கேட்டேன்.

"கீறினவன் திமிங்கிலம் கண்டவனோ? ஆரோ செதுக்கி அச்சடிச்ச படத்தைப் பார்த்துக் கீறினவன். செதுக்கினவனும் கண்டிருக்க மாட்டான்!"

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு மாசி மாதக் குளிரில் என் மனைவி ஸ்பொன்சர் விசாவில் ஊரிலிருந்து வந்திறங்கினாள். பேசிச் செய்த கலியாணம். தாலி கட்டிய கையோடு நான் கனடாவுக்குத் திரும்பிவிட்டேன். பிறகு எல்லாம் தொலைபேசி அட்டை சுரண்டிப் பேசிய பழக்கம்தான். வந்தவள் கோட்டைக் கழற்றாமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

"என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கோ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழ் வீட்டில் இருந்த அண்ணையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணை ஒரு பீங்கானோடு மேலே வந்தார். நான் அவித்திருந்த புட்டையும் உருளைக்கிழங்குக் கறியையும் அதிலே போட்டார். ஈரக் கையால் ஒருவரும் தொடக் கூடாத பீங்கானில்!

"பிள்ளை, சாப்பாட்டுக்கு அடியில பைபிளில வாற ஒரு பொம்பிளை இருக்கிறா. முன்னப்பின்ன காணாத மாப்பிள்ளையிட்டத் தூர தேசம் வாறா. ஆளைப் பார்க்க வேணுமெண்டால் மேல கிடக்கிறதைச் சாப்பிடுங்கோ."

அவள் ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. புட்டு விலக முதலில் தெரிந்தது பொம்பிளை அல்ல, அவள் ஏறிவந்த ஒட்டகம். மாட்டு முகமும் பன்றி வாலுமாக நின்றது. என் மனைவி சிரித்துவிட்டாள். தாலி கட்டிய நாளிலிருந்து நான் கண்ட முதல் சிரிப்பு.

"பேந்து அந்தப் பொம்பிளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"அவவோ? அங்கயே இருந்திட்டா. அந்தாளுக்கும் அவவில நல்ல விருப்பம்."

அவள் கோட்டைக் கழற்றினாள். நான் சந்தோசத்தில் அழுத்தித் தேய்த்துக் கழுவியதில் பீங்கானின் பொன் விளிம்பு கொஞ்சம் அழிந்துபோனது. பதறிப்போனேன்.

"விடும் தம்பி. பிள்ளை சாப்பிட்டிட்டா" என்று அண்ணை படியிறங்கினார்.

இன்றைக்கு எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறதென்றால், அது அந்த மனுசன் போட்ட பிச்சை.