குயில் கம்பெனியின் ஐந்து படங்களும் கமலாட்சிக்கு வந்த வரனும்

பெரிய காஞ்சிபுரம்,
விரோதிகிருது வருஷம், ஆனி 22.

அன்பிற்குரிய சகலை வீரபாகு அவர்களுக்குக் கைலாசம் எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் அருளால் இங்கே நான், என் சம்சாரம் கிருஷ்ணம்மாள், மகள் கமலாட்சி, தறி இரண்டு, எல்லாரும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் தில்லையம்மாளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் பெரிது, தாள் சிறிது.

தாங்கள் கொண்டுவந்த வரன் விஷயமாக, பிள்ளை வீட்டார் இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்கள், ஆடி பிறப்பதற்குள் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஆரணியில் வேறு பெண் பார்க்கப் போய்விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஆடிக்குப் பத்தே நாள் இருக்கிறது. கமலாட்சிக்கு இருபத்துமூன்று வயதாகிறது, இதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் நான் தட்டிக் கழித்துவிட்டேன் என்று தெருவே பேசுகிறது. காரணம் இல்லாமல் தட்டிக் கழிக்கவில்லை. முதல் பையன் நம் தறியில் இருந்த சேலையைத் தொட்டு, 'நல்லா இருக்குதுங்க' என்றான், திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்காமல் நல்லா இருக்குது என்கிறவன் நாளைக்கு எதைப் பார்த்து என்ன சொல்வான்? இரண்டாவது பையன் திருப்பிப் பார்த்தான், பஜ்ஜி தின்ற கையோடு பார்த்தான். மூன்றாவது பையனிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தாங்கள் சொன்ன இந்தப் பையன் சபாபதி விஷயத்திலாவது அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

பையன் வடபழனியில் குயில் சித்திரக் கம்பெனியில் பொம்மைப் படம் வரைகிறார் என்று நீங்கள் சொன்னபோது, பொம்மை வரைவதும் ஒரு உத்தியோகமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. பெண் பார்க்க வந்த அன்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் சேலையைத்தான் பார்க்க வேண்டும், நெய்தவன் வாயைக் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. ஆகவே ஜாதகம், ஊர், உறவு என்று அவர் அப்பாவிடமே பேசிக்கொண்டிருந்தேன். கமலாட்சி தண்ணீர் கொடுக்கும்போது அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். சொம்பு நழுவியதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே அந்தக் கம்பெனி எடுத்த படம் அத்தனையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். எல்லாம் குட்டிப் படங்கள். டாக்கீஸில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும், இல்லாவிட்டால் விளம்பர வண்டி கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் காட்டும். ஆரம்பத்தில் ஒரு குயில் வந்து கூவினால் அது இவர்கள் படம். ஐந்து அகப்பட்டன. கடையில் சேலை விரிப்பவர் மட்டமானதை முதலில் விரித்து உயர்ந்ததைக் கடைசியில் விரிப்பது போல, நானும் அடிமட்டத்திலிருந்து எழுதுகிறேன்.

ஐந்திலும் மோசம் உரப் படம். முசரவாக்கத்துக்கு வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பொழுது சாய்ந்ததும் இரண்டு சவுக்குக் கழி நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். மில் துணி, நெருக்கம் போதாது. ஊரே முன்னால் உட்கார, நான் துணிக்குப் பின்னால் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்தேன். நமக்குப் பால் கொண்டுவருகிற முனிசாமிக்கு அந்த ஊர்தான். அவர் ஓடிவந்து, "இன்னா முதலியாரே, அல்லாரும் அந்தாண்ட குந்திக்கினு இருக்காங்க, நீங்க மட்டும் இங்க தனியா இன்னா பண்றீங்க?" என்றார். "முன்பக்கம் யாரு வேணும்னாலும் அழகா காட்டுவாம்பா. பின்பக்கம் பார்த்தாதான் வேலை தெரியும்" என்றேன். சகலை, ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், பின்பக்கம் அப்பழுக்கில்லை. ஒரு இழை தொங்கவில்லை, ஒரு முடிச்சு இல்லை. படத்து விவசாயி இடது கையால் சோறு தின்றது பின்பக்கத்தின் இயல்பு, அதைக் குற்றமாக எடுக்கவில்லை. குற்றம் வேறு. உர மூட்டைக்குக் கால் முளைத்து ஊர் முழுக்க உபதேசம் செய்துகொண்டு போகிறது, சரி, அது சர்க்கார் கேட்டது. இடது மூலையில், கதைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒரு நாய்க்குட்டி! தன் வாலைத் தானே பிடிக்கப் பார்க்கிறது, விழுகிறது, எழுந்து உட்கார்ந்து யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் பார்க்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. படம் முடிந்ததும் முனிசாமியிடம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடச் சொன்னான் என்று கேட்டேன். "மூட்டை கெடக்குது, அந்தக் குட்டி வாலப் புட்ச்சுதா இல்லியா, அத்த சொல்லுங்க மொதல்ல" என்கிறார். முந்தானையில் யாரும் கேட்காத இடத்தில் ஒரு புட்டா போட்டால் சேலையே கெட்டது. ஆகவே கடைசி இடம்.

அதற்கு ஒரு படி மேலே பல்பொடிப் படம். ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறபடியால் இதற்காக மூன்று தடவை டாக்கீஸுக்குப் போனேன். முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன், பெரிய படம் எனக்கு எதற்கு? மூன்றாம் தடவை டிக்கெட் கிழிக்கிற பழனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு கிடம்பு சரியில்லியா முதலியாரே? படம் இன்னும் போடவே இல்லியே" என்றான். பல்பொடி பார்க்க வந்தேன் என்றேன். அவன் அதை நாலு பேரிடம் சொல்லி, அது கிருஷ்ணம்மாள் காதுக்கு வந்து, "பிள்ளையப் பாருங்கன்னா பல்பொடியப் பார்த்துக்கினு வர்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்று அவள் ஒரு பிடி பிடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சும் குறைவு, என் காப்பியில் சர்க்கரையும் குறைவு. படத்தில் மீசை வைத்த கிருமிகள் ஒரு பல்லை முற்றுகை போடுகின்றன, பல் தேம்பித் தேம்பி அழுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், ஜன்னலில் ஒரு காக்கை. இந்தப் பக்கம் ஒரு தரம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, அந்தப் பக்கம் ஒரு தரம் பார்க்கிறது, கடைசியில் தனக்குப் பல் உண்டா என்று கண்ணாடியில் அலகைத் திறந்து பார்த்துக்கொள்கிறது. மூன்று தடவையும் ஜனங்கள் காக்கைக்குத்தான் சிரித்தார்கள். அந்தப் பல்பொடியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சிவப்பு முக்கோணப் படம். திருப்புட்குழியில் கோயில் குளத்துப் பக்கம் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற தகப்பன், தனியாக, வெளியூர் போய் நின்று குடும்பக் கட்டுப்பாடு பார்த்தால் எப்படி இருக்கும்? குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று அடக்கமாகத்தான் கதை போகிறது. அவர்கள் இரண்டு போதும் என்று கைகூப்புகிற நேரம் பார்த்து, வேலிக்குப் பின்னால் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு நடந்து போகிறது. எண்ணினேன், பதினொன்று. கடைசிக் குஞ்சுக்கு வேலி தாண்டத் தெரியவில்லை, தாய் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகிறது. கூட்டம் கை தட்டியது. சர்க்கார் பணத்தில் சர்க்காரையே கேலி செய்கிற துணிச்சல் மாப்பிள்ளைக்கு ஆகுமா? கோழி கொஞ்ச நேரமே வந்ததால் மூன்றாம் இடம் கொடுத்தேன்.

இரண்டாவது கொசுப் படம். கொசு ஒரு குடித்தனக்காரி, வீடு வீடாகப் போய் இடம் கேட்கிறாள், எல்லாரும் மருந்தடித்து விரட்டுகிறார்கள். எனக்குக் கொசுவின் மேல் பரிதாபம் வந்துவிட்டது, அது அந்தப் படத்தின் நோக்கம் இல்லை என்று தெரியும். இதில் பையன் ஒழுங்காக இருக்கிறார். மூலையில் ஒரு ரசப் பானை கொதிக்கிறது, ஆவி போகிறது, அவ்வளவுதான்.

முதல் இடம் மேகப் படம். இது பத்து நிமிஷம், கலர். ஒரு மேகம் எங்கே பெய்வது என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறது. ஓர் ஊரில் கல்யாணம், இங்கே வேண்டாம் போ என்கிறார்கள். ஓர் ஊரில் நெல் காயவைத்திருக்கிறது, போ. ஒரு தெருவில் நம்மைப் போலத் தறிக்குப் பாவு நூல் விரித்திருக்கிறார்கள், போ போ என்று துண்டை வீசுகிறார்கள். கடைசியில் யாரும் கூப்பிடாத ஒரு வறண்ட குளத்தின் மேல் நின்று பெய்துவிடுகிறது. சகலை, உங்களிடம் சொல்வதற்கு என்ன, நான் அழுதுவிட்டேன். வந்த மூன்று வரன்களுக்கும் துண்டை வீசியவன் நான்தானே. அன்றைக்கு டாக்கீஸில் பழனி என்னை மேலே மிஷின் ரூமுக்கு அழைத்துப்போய்ப் பிலிமைக் காட்டினான். முழம் போட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு அதே மேகம் இருபத்துநாலு, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் மயிரிழை வித்தியாசம், ஒரு முழம் ஓடினால் ஒரு விநாடி. ஒரே மேகத்தை அத்தனை ஆயிரம் தடவை அலுக்காமல் வரைகிறவன் கட்டினவளிடம் அலுத்துக்கொள்ள மாட்டான் என்று அங்கேயே முடிவு செய்தேன். தவிர, இந்தப் படத்தில் மூலையில் நாயும் இல்லை, காக்கையும் இல்லை. கிணற்றடியில் ஒரு கல் இருக்கிறது, அதுவும் கல்லாக, அசையாமல், அதன் பாட்டுக்கு இருக்கிறது.

ஆகையால் என் தீர்ப்பு: பெண் கொடுக்கச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. பையனுக்குக் கை நல்ல கை, கவனம்தான் மூலைக்கு மூலை ஓடுகிறது. இனிமேல் நாய், காக்கை, கோழி முதலானவற்றை வரைவதில்லை, மேகம் போன்ற முக்கியமானவற்றையே வரைவேன் என்று அவர் கைப்பட ஒரு வரி எழுதித் தரட்டும். இதைப் பிள்ளை வீட்டாரிடம் நயமாக எடுத்துச் சொல்ல வேண்டியது தங்கள் பொறுப்பு. தில்லையம்மாளுக்கு எங்கள் ஆசீர்வாதம். காமாட்சியம்மன் உங்கள் வீட்டில் விளக்கையும் என் வீட்டில் சர்க்கரையையும் குறையாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கைலாசம்

பி.கு.: விலாசம் எழுதக் கமலாட்சியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே கடைசி வரை படித்துவிட்டு, "இத்த அனுப்பிடாதப்பா" என்றாள். ஏன் என்றேன். "நாயையும் காக்காவையும் விட்டா அவருக்கு அங்க வேலையே இல்லப்பா. மூட்டை, பல்லு, மேகம் எல்லாம் பெரிய ஆர்ட்டிஸ்டுங்க வரைவாங்களாம். மூலையில இருக்கிறது மட்டும்தான் இவரு கைக்கு வரும். அன்னிக்குத் தண்ணி குடுக்கும்போது கேட்டேன், அவரே சொன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சேன்" என்றாள். மேகப் படத்தில் என்ன வரைந்தாராம் என்றேன். "அந்தக் கல்லு" என்றாள். "அது அசையவே இல்லியேம்மா" என்றேன். "அசைய விடலப்பா அவங்க" என்றாள், கண் கலங்கிவிட்டது. ஒரு கல்லுக்காகக் கண் கலங்குகிறவளிடம் நான் வேறு என்ன சம்மதம் கேட்பது?

திருப்பி எழுத நேரமில்லை, தபால் பெட்டி திறக்கப்போகிறார்கள். ஆகவே நிபந்தனையை அடித்துவிட்டு, மேலே உள்ள வரிசையைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளவும். கல் கடைசி, ரசப் பானை அதற்கு மேலே, நாய்க்குட்டி முதலாவது. எப்படிப் படித்தாலும் பிள்ளை இவர்தான், ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள். கிருஷ்ணம்மாள் இப்போதுதான் ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தாள், பாயசம் மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை முசரவாக்கத்தில் மறுபடியும் உரப் படம் போடுகிறார்கள், மூன்று பேரும் போகிறோம், இந்தத் தடவை நான் முன்பக்கம் உட்காரப்போகிறேன். முன்னால் இருந்து பார்த்தால் நாய்க்குட்டி வலது மூலையில் இருக்கும் என்கிறாள் கமலாட்சி. அவள் எப்போது போய்ப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.