சேட் கொடுத்த சாவி

"ஏன்னா, பக்கத்துல யாரோ வெல்லப்பாகு காய்ச்சறா போலிருக்கே?" என்றாள் அகிலாண்டம்.

மும்பையில், கார் சயானைத் தாண்டி சுனாபட்டிப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. பஞ்சாபகேசனுக்கும் அந்தத் தித்திப்பு வாசனை வந்தது.

"நடு ரோட்டில எவடீ பாகு காய்ச்சப் போறா?"

"அப்போ அந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு எரியறது?"

"பெரிய கார்னா நாலு விளக்கு எரியத்தான் செய்யும். பேசாம வா."

சொல்லிவிட்டாரே தவிர, எது அலங்காரம், எது அபாயம் என்று அவருக்கும் தெரியாது. காரணம், கார் அவருடையது அல்ல. அவருடைய முதலாளி போபட் சேட்டுடையது. ஜெர்மன் கார். மிதித்தால் புலி மாதிரி உறுமும். பஞ்சாபகேசன் மிதித்ததே இல்லை; தடவிக்கொடுத்தே ஓட்டினார்.

கொஞ்ச நாளாக ஆபீஸில் ஆள்குறைப்பு என்று முணுமுணுப்பு. அக்கவுண்ட்ஸில் தலை நரைத்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பயத்தில் தூக்கம் கெட்டிருந்த நேரத்தில்தான் சேட் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பஞ்சுபாய், நான் துபாய் போறேன். ஓடாம நின்னா வண்டி கெட்டுடும். நீங்க எடுத்துட்டுப் போங்க. ஃபேமிலியோட நல்லா சுத்துங்க. உங்களைத் தவிர வேற யாரை நம்பறது?" என்று இந்தியில் சொல்லிச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

அன்று இரவு பஞ்சாபகேசன் குறட்டை விட்டுத் தூங்கினார். காரையே கொடுப்பவர் வேலையையா பிடுங்கப் போகிறார்?

இன்று செம்பூரில் அகிலாண்டத்தின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாதுங்காவிலிருந்து டாக்ஸியில் போகலாம் என்றுதான் அவர் சொன்னார். "வாசல்ல காரை வெச்சுண்டு டாக்ஸியா? என் தங்கை ஒரு தடவையாவது வாசலுக்கு வந்து என்னை வரவேற்கட்டுமே" என்றாள் அகிலாண்டம்.

விளக்கு இப்போது சிமிட்ட ஆரம்பித்தது. பானெட் ஓரத்திலிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி கிளம்பியது.

ஓரங்கட்டினார். பானெட்டைத் திறக்க ஒரு பிடியை இழுத்தார், டிக்கி திறந்துகொண்டது. ஒரு பட்டனை அமுக்கினார். பெட்ரோல் மூடி திறந்தது. ஒருவழியாகப் பானெட் திறந்ததும் முகத்தில் அறைந்த ஆவியில் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. சீர்தட்டோடு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒழுகும் குழாய் மேல் மடமடவென்று ஊற்றினார். 'ப்டக்' என்று ஒரு சத்தம். சொட்டிக்கொண்டிருந்த குழாய் இப்போது பீச்சியது.

"நன்னா இருக்கு!" என்றாள் அகிலாண்டம்.

தாராவியில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்குப் போன் போட்டார். பஞ்சாபகேசன் முன்பு வைத்திருந்த சின்னக் காரைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். ஸ்கூட்டரில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தவன், முதலில் பிரமிப்போடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

"அட, இன்ஜினக் குளுத்துற கூலன்ட் தண்ணி போற பைப்புதானே சார், அதான் இந்தத் தித்திப்பு வாசன. அஞ்சு நிமிசத்துல மாட்டிருதேன்" என்று குழாயைத் தொட்டான். தொட்ட துண்டு கையோடு வந்தது.

"என்ன சார் இது, பிளாஸ்டிக்குலா! சூட்டுல வெந்து அப்பளம் மாரி ஆயிருக்கு."

"இவ்வளவு விலை வண்டியில பிளாஸ்டிக்கா?"

"நான் என்னத்தக் கண்டேன்? பெரிய வண்டின்னா எல்லாம் இரும்பால இருக்கும்னு நெனச்சேன்." உடைந்த மிச்சத்தை எடுக்க ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். பக்கத்துக் குழாயும் 'டப்'பென்று போனது.

"பாட்சா, தயவு பண்ணி எதையும் தொடாதே!"

"நான் தொடல சார். பாத்தேன், ஒடஞ்சிட்டு."

கடைசியில் ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டித் தண்ணீர் நிரப்பினான். "செம்பூரு வரைக்கும் தாங்கும். ஏசி கூடாது. ஹீட்டரப் போடுங்க. இன்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துரும்."

மே மாத வெயில். பட்டுப் புடவை. ஹீட்டர். அகிலாண்டத்தின் குங்குமம் மூக்கு வரை இறங்கிவிட்டது. "நிச்சயதார்த்தத்துக்குக் கூட்டிண்டு போறேளா, வேக வெச்சு எடுத்துண்டு போறேளா?"

பஞ்சாபகேசனின் காதெல்லாம் இன்ஜினிடம் இருந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் முன்னால் ஒரு வெடிச் சத்தம். கண்ணாடி பூராவும் ரோஸ் நிறத் தண்ணீர். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எத்தனை முறை பட்டனை அமுக்கியும் முனகக்கூட இல்லை.

பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த கரீம் பாட்சா தலையில் கைவைத்தான். "இன்ஜின் போச்சு சார்!"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோ கால். போபட் சேட்.

"பஞ்சுபாய், என் குழந்தை எப்படி இருக்கு?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ், சேட். வீட்டு வாசல்ல நிக்கறது."

முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி ஊரையே எழுப்புவது போல ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உங்க வீட்டு வாசல்ல ஹைவே எப்போ போட்டாங்க?"

பஞ்சாபகேசன் போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். அகிலாண்டம் முழங்கையால் இடித்தாள். "சொல்லிடுங்கோ. பொய் சொன்னா உங்களுக்குப் படபடன்னு வந்துடும்."

சொல்லிவிட்டார். பாகு வாசனை, பாட்டில் தண்ணீர், செடிக் குழாய் எல்லாவற்றையும். சேட் கண்ணை மூடிக்கொண்டார். "அது என் உயிர், பஞ்சுபாய். இன்ஜின் ஜெர்மனியிலேர்ந்து வரணும். எவ்வளவு ஆகும் தெரியுமா?"

தெரியவில்லை. ஆனால் மாதுங்கா வீடு கண்முன்னால் ஒரு முறை ஆடியது. போலீஸ், கோர்ட், வக்கீல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"சேட், நீங்க வெச்ச நம்பிக்கையைக் காப்பாத்தலை. நான் ராஜினாமா பண்ணிடறேன்."

அகிலாண்டம் பதறினாள். "ஏன்னா, ஆள்குறைப்புல போனாலாவது பெரிசா ஒரு தொகை தருவா. தானா எழுதிக் கொடுத்தா அதுவும் கிடையாதே!"

"சும்மா இரு. அந்த இன்ஜினுக்கு எதைக் கொண்டு போய்க் கொடுப்பே?"

சேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தழுதழுத்தார். "உங்களை இழக்க மனசு இல்லை. ஆனா உங்க மரியாதையையும் பார்க்கணும் இல்லையா? சரி, மெயில்ல ரெண்டு வரி போட்டுடுங்க. வண்டிச் செலவுக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம்."

நடைபாதையில் நின்றபடியே தட்டி அனுப்பினார். கண்ணீர் வழிந்தது. "மனுஷன் தங்கம்டீ. வேற யாராவது இருந்தா உள்ளே தள்ளியிருப்பா."

அகிலாண்டமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு துபாய் எந்தத் திசை என்று கேட்டு, அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இழுவை வண்டி ஒன்று வந்து நின்றது. சேட்டின் டிரைவர் மாரிசெல்வம் அதிலிருந்து குதித்தான். காரைச் சுற்றி வந்து பார்த்தவன், அழுதுகொண்டிருந்த பஞ்சாபகேசனின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அழாதிய சார். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல, ரொம்பச் சூடானா தன்னால நின்னுரும்."

"நிஜமாவா? ஆனா அந்தப் பைப்பு..."

"அது ஒரு பெரிய விசயமா சார்? ராவோட ராவா மறுபடியும் ஒட்டிருவேன். அடுத்த வாரம் உங்க ஆபீஸ் பர்ச்சேஸ் நாயர் சாருக்கு இந்த வண்டியக் குடுக்கணும்னு சேட் சொல்லியிருக்காரு."