காட்டுமேடு மூன்று அங்குலம் நகர்ந்த வரலாறு

உலகத்தைக் காகிதத்தில் சுருக்கிய மகான்கள் பலர் உண்டு. ஆனால் ஓர் ஊரையே குடிசை, ஆடு, மனிதரோடு மூன்று அங்குலம் நகர்த்திய மகான் நான் ஒருவன்தான். நெம்புகோல் தேவைப்படவில்லை. ஒரு ரப்பர் துண்டு போதுமானதாக இருந்தது. இந்தச் சாதனையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. ஆகவே, மிகுந்த அடக்கத்தோடு நானே எழுதுகிறேன்.

அது 1944. திருத்தணிப் பக்கத்துப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை யுத்தம் அழைத்துக்கொண்டு போயிருந்தது. மீந்த குழந்தைகளுக்கு மீந்தவர்கள் பாடம் சொன்னோம். நான் இன்டர்மீடியட்டைப் பாதியிலும், அரக்கோணத்தில் ரயிலுக்கு ராத்திரி விளக்குக் காட்டும் வேலையைக் கால்வாசியிலும் விட்டவன். எதையும் முடிக்காதவன் என்பதால் ஆரம்பப் பாடத்துக்குப் பொருத்தமானவன் என்று கண்டறியப்பட்டேன். பதவி: மூன்றாம் வகுப்புத் 'தற்காலிக' ஆசிரியர். அந்தத் 'தற்காலிக'த்தைக் கழற்றி எறிவதுதான் அப்போது என் லட்சியம். வேறு லட்சியங்கள் இருந்ததாக ஞாபகமில்லை.

பாடத்தில் தேசப்படமும் ஸ்கேலும் வந்தன. மற்றவர்கள் இதைப் பிரம்பால் நடத்துவார்கள். நான் 'நவீன முறை'யைக் கையாண்டேன்.

"படத்தில் ஓர் அங்குலம் என்றால், தரையில் ஒரு பர்லாங்" என்றேன்.

"அங்குலத்துக்குள்ள பர்லாங் எப்டி சார் பூரும்?" என்றான் ஒருவன்.

"மடிச்சி வச்சிருப்பாங்கடா" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

ஆகவே பர்லாங்கை மடிக்காமலே காட்ட முடிவு செய்தேன். இருபத்திரண்டு கஜக் கயிறு ஒன்று வாங்கினோம். பத்துக் கயிறு ஒரு பர்லாங். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஆரம்பித்து, மலையடிவாரத்தை ஒட்டி நேராக, காட்டுமேடு வரை அளப்பது திட்டம். காட்டுமேடு கூலிக்காரர்களின் ஊர். அங்கே கிணறு கிடையாது. வகுப்பில் படித்த தேவகி அந்த ஊர்ப் பெண். எட்டு வயது. தினமும் அம்மா ரஞ்சிதத்தோடு குடம் தூக்கி நடப்பவள் என்பதால் அவளே எங்களுக்கு வழிகாட்டி. கயிறு ஒருமுறை நீண்டால் பையில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும்.

எண்பது கொட்டை விழுந்தது. எட்டு பர்லாங். சரியாக ஒரு மைல்.

"குடத்தோட வந்தா இன்னும் ஜாஸ்தி சார்" என்றாள் தேவகி.

"தூரம் மாறாது, அம்மா."

"ஆங், உங்களுக்கு மாறாது."

திரும்பி வந்து சிலேட்டில் வரையச் சொன்னேன். எட்டு அங்குலத்துக்குச் சிலேட்டில் இடமில்லை. பிள்ளைகள் விழித்தார்கள். ஒருவன் காட்டுமேட்டைச் சிலேட்டின் மரச்சட்டத்தில் வைத்தான்.

தேவகிதான் சொன்னாள்: "பர்லாங்குக்கு அரை அங்குலம்னு வச்சிக்கலாம் சார். ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி சின்னதாக்கணும். ஒண்ண மட்டும் சின்னதாக்கினா அது பொய்யி."

தேசப்படக் கலையைப் பற்றி இதைவிட அதிகமாக எனக்கு இன்றும் தெரியாது. அன்று அதை நான் கற்றுக்கொடுத்ததாகவே டயரியில் எழுதிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் 'தாக நிவாரணக் கமிட்டி'யின் சுற்றறிக்கை வந்தது. இந்த வட்டாரத்துக்கு அந்த வருஷம் ஒரே ஒரு கிணறு. பொதுக்கிணற்றிலிருந்து ஏழு பர்லாங்குக்கு மேல் தள்ளியிருக்கும் ஊருக்கே அது கிடைக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டை முன்னிட்டு, அந்தந்தப் பள்ளிக்கூடத்துத் தேசப்படங்களைக் கொண்டே தூரம் நிச்சயிக்கப்படும்.

தேவகி மறுநாளே கேட்டாள்: "எங்களுக்கு எட்டு. அப்போ கெணறு எங்களுக்குத்தானே சார்?"

"சந்தேகமே இல்லை" என்றேன். அன்று சாயங்காலமே ரஞ்சிதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டுப் போனாள். கறி நன்றாக இருந்தது.

ஒரு முழு ஷீட் காகிதம் எப்படியோ கிடைத்தது. அதில் பர்லாங்குக்கு ஓர் அங்குலம் வீதம் நான் மிகச் சரியாக ஒரு படம் வரைந்தேன். என் வாழ்க்கையில் மிகச் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து மானேஜர் கஜபதி வந்தார். திருவிழாக் கமிட்டியில் முக்கியஸ்தர். என் 'தற்காலிக'த்தின் நூல் அவர் கையில் இருந்தது. படத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கோயில் எங்க, நைனா?"

"இதோ ஐயா. இந்தப் புள்ளி."

"புள்ளியா?"

"ஸ்கேல்படி கடுகளவுதான் ஐயா வரும்."

"முருகனுக்கு ஸ்கேல் வைக்கறியா நீ? ஜனம் முன்னூத்தி அறுபத்தஞ்சு படி ஏறி வந்து கும்பிடறான். நீ கடுகுன்றே. படி எங்க?"

"படி அதில் தெரியாது ஐயா."

"தெரியணும். ஒரு படி கொறையக் கூடாது. வருஷத்துல ஒரு நாள கொறைப்பியா நீ? கோபுரம் கம்பீரமா இருக்கணும். பெரிய மனுஷங்க பாக்கப்போற படம், நைனா. உன் வேலை விஷயமும் அப்பதான் பேசணும்னு இருக்கேன்."

நான் கொள்கைவாதி. அரை நிமிஷம் யோசித்தேன்.

மலையை அழித்துப் பெரிதாக வரைந்தேன். முன்னூற்று அறுபத்தைந்து படிகளையும் மெல்லிய நிப்பால் எண்ணி எண்ணிப் போட்டேன். கோபுரத்துக்கு மஞ்சள், மலைக்குக் காவி. கடைசிப் படி வந்து நின்ற இடத்தில் காட்டுமேடு இருந்தது. சாமி படியின்மேல் குடிசை இருக்க முடியுமா? ஊரை எடுத்துக் கிணற்றுப் பக்கமாக மூன்று அங்குலம் தள்ளிக் காலியாக இருந்த மூலையில் வைத்தேன். கீழே கட்டம் கட்டி, '1 அங்குலம் = 1 பர்லாங்' என்று முத்து முத்தாக எழுதினேன். அந்த எழுத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

தாக நிவாரணக் கமிட்டி அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை ரயிலில் வந்தார். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்ததில் களைத்திருந்தார். மோர் குடித்தார். படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் ரூலரை வாங்கிக் கிணற்றுக்கும் காட்டுமேட்டுக்கும் நடுவே வைத்தார்.

"ஐந்து அங்குலம். ஐந்து பர்லாங். கிணறு கிடையாது."

வாசலில் குடத்தோடு நின்றிருந்த ரஞ்சிதம் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஒரு தபா நடந்து பாருங்க சாமி. காத்தால ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. எம் பொண்ணுக்கு இப்பவே கழுத்து புடிச்சிக்கினு திரும்ப மாட்டேங்குது."

"படம் இருக்கும்போது நடப்பானேன் அம்மா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த தேவகி எழுந்துவிட்டாள். "எட்டு சார்! கயிறு வச்சி அளந்தோம். எம்பது புளியங்கொட்டை. எங்க சார் மேசையிலயே கீது!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படியா வாத்தியாரே?"

கஜபதி தொண்டையைக் கனைத்தார். மேசை இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. திறந்தால் போதும். எண்பது கொட்டைகளும் உள்ளே பையில்தான் இருந்தன.

"குழந்தைகள் எண்ணும்போது கொஞ்சம் முன்பின் ஆகும் சார்" என்றேன்.

தேவகி உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சிதம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அஞ்சு பர்லாங்குதான்னு தெரியாம இத்தினி நாளா சும்மா சும்மா நடந்துகினு இருந்தோம் பாரு, கண்ணு. இனிமே சுருக்கா வந்துடலாம்."

என் படத்துக்கு முத்திரை குத்தப்பட்டது. 'முன்மாதிரித் தேசப்படம்' என்று எழுதிக் கையெழுத்தும் இட்டார் அதிகாரி. மறு மாதம் என் 'தற்காலிகம்' ரத்தானது. கிணறு வேறோர் ஊருக்குப் போனது. அந்த ஊர் வாத்தியாருக்குப் படமே போட வராதாம். வேறு வழியில்லாமல் அதிகாரி நடந்தே போய் அளந்தாராம்.

வருஷப் பரீட்சை வந்தது. முத்திரையிட்ட படத்தைச் சுவரில் மாட்டி, அதிலிருந்தே கேள்வி கேட்க வேண்டும் என்பது மானேஜர் உத்தரவு. 'காட்டுமேட்டிலிருந்து பொதுக்கிணறு எவ்வளவு தூரம்?' என்று கேட்டேன். முப்பத்தொன்பது குழந்தைகள் ரூலரை வைத்து அளந்து 'ஐந்து' என்று எழுதினார்கள். தேவகி படத்தைப் பார்க்கவே இல்லை. 'எட்டு' என்று எழுதிச் சிலேட்டை நீட்டினாள்.

"படத்தைப் பார்த்து எழுதக் கூடாதா?" என்றேன்.

"அஞ்சுன்னு போட்டா மார்க்குன்னு தெரியும் சார். ஆனா இன்னிக்கிக் காத்தாலயும் எட்டுதான் இருந்துது."

விதிப்படி அவள் சிலேட்டில் ஒரு சுழியம் போட்டேன். நன்றாக, பெரிதாக, முழு உருண்டையாக வந்தது. அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் ஸ்கேல் இல்லாமல், உள்ளது உள்ள அளவிலேயே வரைந்த படம் அது ஒன்றுதான். அது என் உருவப்படம்.