முழங்கால் உயரக் கோட்டை

திருச்சுழி வட்டாரத்தில் செங்கலுக்கு வணக்கம் வைத்த ஒரே மனிதர் ரோமாபுரிதான். மனிதர்களுக்கு அவர் வைத்து நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் ஒரு ஓட்டலில் ஒன்பது வருசம் வெங்காயம் உரித்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஆற்றோரமாக, ரோமானியப் படை கட்டிய எல்லைக் கோட்டை ஒன்றின் மிச்சம் இருந்ததாம். அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லித்தான் இந்தப் பெயரைச் சம்பாதித்தார்.

"முழங்கால் ஒசரச் சொவரு தம்பி. அதுக்கு வேலி, காவலு, டிக்கெட்டு! ஒரு பய சாஞ்சு உக்காரல. நம்ம குண்டாத்துக் கோட்டை அதவிட ஒரு சாண் ஒசரம், தெரியும்ல?"

உயரம்தான். யார் கட்டியதென்றே தெரியாத அந்தக் கோட்டையில், அடுப்புக்கு நாலு, ஆட்டுக்கொட்டகைக்கு நாற்பது என்று ஊரே செங்கல் உருவியது போக மிச்சம் அவ்வளவுதான். ரோமாபுரி சுற்றிலும் சீமைக்கருவேலை வேலியாக வளரவிட்டார். அதையும் தாண்டி ஆடு ஏறினால் ஆட்டுக்காரியோடு சண்டை.

"ஏண்ணே, இது கோட்டைன்னு ஆட்டுக்குத் தெரியுமா?"

"ஒனக்குத் தெரியும்ல? நீ சொல்லு அதுகிட்ட!"

கோட்டையைக் காப்பாற்றச் சொல்லி அவர் எழுதிய மனுக்களை வாங்கி வைப்பது யூனியன் ஆபீசில் என் வேலை. படித்துப் படித்துச் சிரிப்போம். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது. ஆறு வருசம் கழித்து, தொல்லியல் அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகத் தாக்கல் வந்தது. அவர் பார்த்து எழுதிவிட்டால் கோட்டைக்கு அரசாங்கக் காவல் கிடைக்கும்.

பெரிய ஆள் வந்தால் இடத்தைச் சுத்தம் பண்ணுவது எங்கள் பக்கத்து மரியாதை. சுத்தம் என்றால் சீமைக்கருவேலைப் பிடுங்குவது. பொக்லைனுக்குப் போன் போட்டவன் நான்தான். ரோமாபுரி புதுச்சட்டை எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். வேர்கள் செங்கலைக் கட்டிப்பிடித்திருந்தன; வேரோடு சுவரும் வந்தது. டிரைவர் பொறுப்பாகத் தரையை நிரவியும் கொடுத்தார்.

சாயங்காலம் வந்து பார்த்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எங்கய்யா கோட்டை?" என்றார் மறுநாள் வந்த அதிகாரி. புதுச்சட்டையோடு ரோமாபுரி முன்னால் வந்தார்.

"இந்தா, இதுதான் சார் வாசலு. படி இருக்கு, பாத்து வாங்க."

வெறுந்தரை. அதிகாரி வாட்சைப் பார்த்தார், ஜீப்பில் ஏறினார். ஊர் சிரித்தது. ரோமாபுரி திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்துகொண்டிருந்தார். அந்த மனுசனுக்கு வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டேன். இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்து, அவர் பின்னாலேயே போனேன்.